பொழி காட்டப் போன கதை

“ஆறு கடல்ல போய்க் கரையுது, அது மாதிரி நீயும் கரைஞ்சு போன்னு மட்டும் சொல்லாதீங்க சாமி. சொன்னீங்கன்னா இந்த நிமிசமே எந்திரிச்சுப் போயிருவேன்.”

வந்து உட்கார்ந்ததும் ஆவுடையம்மாள் சொன்ன முதல் வார்த்தை இது. கும்பிடக்கூட இல்லை.

ஆற்றங்கரைக் குடிசையில் இருக்கும் துறைச் சாமி அவித்த சீனிக்கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“சரி” என்றார்.

“என்ன சரி?”

“சொல்லலை.”

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தவளுக்கு எதிராளி கிடைக்காவிட்டால் எப்படி இருக்கும்? ஆவுடையம்மாளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அந்தப் பக்கத்தில் ‘பொழி காட்டுறது’ என்று ஒரு வழக்கம் உண்டு. ஆறு கடலில் விழும் இடத்துக்கு அங்கே பொழி என்று பேர். வீட்டில் யாராவது முரண்டு பிடித்தால், அதிலும் பெண்பிள்ளை முரண்டு பிடித்தால், வண்டி கட்டிப் பொழிக்குக் கூட்டி வந்துவிடுவார்கள். பார்க்க அழகான இடம்தான், குறை சொல்ல முடியாது. கண்ணுக்குக் குளுமையாக இருக்கும். மனசு அப்படி இளகி நிற்கிற நேரம் பார்த்து, கரையில் குடியிருக்கும் சாமியார் ஒருவர் கையை நீட்டுவார். ‘பாத்தியாம்மா, மலையில இருந்து ஓடி வந்த ஆறு, பேரும் இல்லாம ஊரும் இல்லாம எப்படிக் கரைஞ்சு போச்சு பாத்தியா?’ என்பார்.

வந்தவள் அழுவாள். மூக்கைச் சிந்திவிட்டு வண்டியில் ஏறுவாள். மறுநாள் வீட்டில் அவரவர் நினைத்த காரியம் ஜாம்ஜாமென்று நடக்கும்.

ஆவுடையம்மாளுக்கு இது மூன்றாவது பொழி. முதல் பொழியில் அழுதாள். இரண்டாவது பொழியில் கொட்டாவி விட்டாள். இந்த மூன்றாவது பொழிக்கு வரும்போது அவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. ஐம்பத்தெட்டு வயசு. எதிரே உட்கார்ந்திருக்கும் சாமிக்கோ முப்பத்தைந்துகூட இருக்காது. இந்தப் பிள்ளை எனக்குப் புத்தி சொல்லப் போகுதாக்கும் என்று நினைத்தாள்.

“மைனி, சாமிகிட்ட இப்படியா பேசுறது?” என்றான் குத்தாலம். இவன் ஆவுடையம்மாளின் கொழுந்தன். புருசனுக்கு நேர் இளையவன். பொழிக்குக் கூட்டி வந்தவனும் இவன்தான்.

“நீ சும்மா கிட.”

“விசயம் என்னன்னா சாமி,” குத்தாலம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். “எங்க அண்ணன் பிரமநாயகம் வைத்தியரு, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுறதுல எட்டு ஊருக்குப் பேர் போனவரு. போன வைகாசியில தவறிட்டாரு. வைத்தியம் குடும்பத்துல நிக்கணும்லா? அதான் என் பேருல பலகை எழுதிட்டேன். வண்டியிலதான் இருக்கு, பெயிண்டுகூட இன்னும் காயலை. நாளைக்கு நல்ல நாளு. மாட்டணும்.”

“உங்களுக்குக் கட்டத் தெரியுமா?” என்றார் சாமி.

“பழகிக்கிடலாம் சாமி.”

“கிழிச்சான்” என்றாள் ஆவுடையம்மாள். “கோழிக்காலைக்கூட ஒழுங்காப் பிடிக்கத் தெரியாது இவனுக்கு.”

“பின்னே யார் கட்டுவா?” என்றார் சாமி.

குத்தாலம் தொண்டையைச் செருமினான். “மைனி கட்டுவாக. நடுவுல ஒரு சேலையைத் திரையாத் தொங்க விட்டுருவோம். நோவாளி காலைத் திரைக்குள்ள நீட்டுவான். மைனி உள்ள இருந்துக்கிட்டே கட்டுவாக. நான் வெளிய உக்காந்து பேச்சுக் குடுத்துக்கிடுவேன். யாருக்கும் ஒரு குறையும் இல்லை பாருங்க.”

சாமி கிழங்கை மென்றார்.

“சிரிங்க சாமி, வெக்கப்படாம சிரிங்க” என்றாள் ஆவுடையம்மாள். “எனக்கே சிரிப்பு வருது. முப்பத்தி மூணு வருசம் அவுககூட நின்னு கட்டுனவ நான். கடைசி எட்டு வருசம் அவுக கையில நடுக்கம். ஒரு முடிச்சுப் போட முடியாது. அத்தனையும் நான்தான் கட்டினேன். எந்திரிச்சு நடந்து போனவன் எல்லாம் அவுகளைத்தான் கும்பிட்டான். அதுல வருத்தம் இல்லைன்னு சொன்னாப் பொய். இருந்துச்சு. அவுக மேல பிரியமும் இருந்துச்சு, முழுங்கிட்டேன். இவனுக்காக எதுக்கு நான் முழுங்கணும்?”

“மைனி ஒத்துக்கிடலைன்னா?” என்று சாமி குத்தாலத்திடம் கேட்டார்.

“வீடு பொது வீடு சாமி. எங்க அண்ணன் தம்பி மூணு பேருக்கும் பாத்தியதை. ஒத்து இருந்தா இருக்கலாம். இல்லைன்னா...” இழுத்தான். “சாமி ஒரு வார்த்தை சொன்னாக் கேட்டுக்கிடுவாக. மத்தபடி இளகின மனசுதான்.”

சாமி கிழங்குத் தோலைப் பக்கத்தில் கட்டியிருந்த ஆட்டுக்குப் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டார்.

“தாகமா இருக்காக்கா?”

ஆவுடையம்மாள் திகைத்தாள். ஆமாம், தாகமாகத்தான் இருந்தது. விடிந்ததில் இருந்து வண்டியில் வந்தது. கோபத்தில் தண்ணீர் குடிக்கவே மறந்துபோயிருந்தாள்.

“ஆமா. நாக்கு ஒட்டிக்கிட்டுக் கிடக்கு.”

“பானை காலி. வாங்க, எடுத்துட்டு வருவோம்.”

ஒரு செப்புக்குடத்தையும் ஒரு சிரட்டையையும் எடுத்துக்கொண்டு, ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்து, கரையில் கிடந்த தோணியில் ஏறினார். இரண்டு பேரும் ஏறியதும் கயிற்றை அவிழ்த்தார். தோணியின் மூக்கைக் கடல் பக்கம் திருப்பினார்.

“ஐயே சாமி!” என்று பதறினான் குத்தாலம். “குடிக்கத் தண்ணி எடுக்கக் கடலுக்கா போறது?”

சாமி துடுப்பைப் போட்டார்.

ஐப்பசி மழை மேற்கே மலையில் அடித்து ஊற்றி நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஆறு நிறைந்து வந்தது. கடல் பின்வாங்கும் வத்த நேரம் வேறு. கேட்க வேண்டுமா, துடுப்புக்கு வேலையே இல்லை. தண்ணீரே தூக்கிக்கொண்டு போனது.

இரு பக்கமும் அலையாத்திக் காடு. வேரெல்லாம் சேற்றுக்கு வெளியே தெரிய நின்றது. நண்டுகள் ஒற்றைக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வளைக்குள் ஓடின. மணல்திட்டில் நாரைகள், நூறு இருக்கும், ஒற்றைக் காலில் நின்றன. அதற்கப்பால் தாழை. தாழைக்கு அப்பால் வெள்ளை வெளேரென்று அலை. ஆவுடையம்மாளுக்குக் கோபத்தையும் மீறி ஒரு நிமிசம் மூச்சு நின்றது. என்ன அழகு! இவ்வளவு அழகான இடத்தை வைத்துக்கொண்டு பாவிகள் என்ன காரியம் செய்கிறார்கள் என்று நினைத்தாள்.

கிட்டே வந்ததும் நிறம் பிரிந்தது. இந்தப் பக்கம் செம்மண் கலங்கல். அந்தப் பக்கம் நீலம்.

குத்தாலத்துக்குப் பொறுக்கவில்லை. சாமி வாயைத் திறப்பதாகத் தெரியவில்லை. வந்த காரியம் என்ன ஆவது?

“சாமி சொல்லாட்டா என்ன, நான் சொல்லுதேன். அங்க பாருங்க மைனி. மலையில இருந்து ஓடி வந்த ஆறு...”

“தண்ணி எடுங்க” என்று சாமி குடத்தை அவன் கையில் கொடுத்தார்.

கிணற்றில் மொண்டே பழகினவனுக்குக் குடத்தை வேறு எப்படிப் பிடிக்கத் தெரியும்? கவிழ்த்து, கழுத்தைப் பிடித்து, தோள் முங்க ஆழமாக அமுக்கினான். குடம் குபுகுபுவென்று குடித்தது. தூக்கி ஒரு வாய் வைத்தான். அடுத்த கணம் தூவென்று துப்பினான்.

“உப்பு! வாயெல்லாம் கரிக்குது!” அவன் முகத்தில் கரிப்பைவிடச் சந்தோசம்தான் அதிகம். “பாத்தீகளா மைனி? ஆறு போயே போச்சு. சொட்டு மிச்சம் இல்லை. கரைஞ்சிருச்சு. இதைத்தான் பெரியவங்க எல்லாரும் சொல்லுதாங்க.”

ஆவுடையம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தொண்டை வறண்டு கிடந்தது. இங்கேயும் இதைத்தான் காட்டக் கூட்டி வந்தார்களா? இந்தச் சாமியும் அந்தக் கூட்டம்தானா? அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

சாமி சிரட்டையை எடுத்தார். தண்ணீரில் முக்கவில்லை. மேலே சாய்த்து வைத்து, பாலில் ஏடு எடுப்பது போல ஒரு வழி வழித்தார். ஆவுடையம்மாளிடம் நீட்டினார்.

“குடிங்கக்கா.”

“உப்புன்னு இவன் இப்பத்தானே சொன்னான்?”

“அவர் குடிச்சது அவருக்கு. நீங்க குடிங்க.”

வாங்கினாள். முந்தானையில் வடிகட்டி வாயில் வைத்தாள்.

உப்பு இல்லை.

மண் வாசம் அடித்தது. ஜில்லென்று தொண்டையில் இறங்கியது. இனித்தது என்றே சொல்லலாம். அவள் சிரட்டையைக் காலி செய்துவிட்டு அவளே குனிந்து இன்னொரு தடவை வழித்தாள். அதையும் குடித்தாள். மூன்றாவதையும் குடித்தாள்.

“இது ஆறுதான்” என்றாள். “இது எங்க ஊரு ஆத்துத் தண்ணிதான்!”

“ஆமா.”

“அப்போ அவன் குடிச்சது?”

“கடல். அது அடியில கிடக்கு. இது மேல ஓடுது.” சாமி கையை முழம் போட்டுக் காட்டினார். “ஒரு முழம் இருக்கும். மழை நல்லாப் பெஞ்சா ரெண்டு முழம். தோணிக்காரங்க எல்லாருக்கும் தெரியும். மேலாப்புல எடுக்கணும். முக்கினா உப்புத்தான்.”

“அப்போ அந்தச் சாமியாருங்க எல்லாம்?”

“அவங்க கரையில இருந்து பாத்தவங்க.”

ஆவுடையம்மாள் சிரட்டையைத் தோணி விளிம்பில் நங்கென்று வைத்தாள். கோபமா சந்தோசமா என்று அவளுக்கே தெரியவில்லை. ரெண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் மேலேயே ஏறி உட்கார்ந்து ஓடுகிற ஆற்றைக் காட்டி, மூன்று மாசமாக அவளை அழ வைத்திருக்கிறார்கள்.

“எவ்வளவு தூரம் இப்படியே போகும் சாமி?”

சாமி கண்ணால் காட்டினார். நீலத்துக்கு நடுவே செம்மண் நிறத்தில் ஒரு பாதை, அகலமாக, கடலுக்குள் நீண்டுகொண்டே போயிற்று.

“கடைசியில கரைஞ்சிருமா?”

“தெரியாது. அவ்வளவு தூரம் நான் போனதில்லை.”

“கரைஞ்சாலும் கரையும்?”

“கரையலாம்.”

“அதுவரைக்கும்?”

சாமி துடுப்பை எடுக்கவில்லை. யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று பார்ப்பவர் போல உட்கார்ந்திருந்தார். தோணி தன்னால் போய்க்கொண்டிருந்தது.

“விடுங்க சாமி, போவோம்” என்றாள் ஆவுடையம்மாள். “பாத்துரலாம்.”

“எங்க போறது?” என்று அலறினான் குத்தாலம். “அந்தா அலை அடிக்குது! சாமி, திருப்புங்க! மைனி, வெளையாடாதீங்க. பலகை என்ன ஆகுறது?”

ஆவுடையம்மாள் அவனை நேராகப் பார்த்தாள்.

“கேட்டுக்கோ குத்தாலம். திரைக்குப் பின்னால நான் உக்கார மாட்டேன். உன் வீட்டு வாசலை விட்டு இறங்குன்னா இறங்குதேன். புளியமரத்தடியில உக்காருவேன், சந்தையில உக்காருவேன். என் கை, என் கட்டு, என் பேரு. எந்திரிச்சு நடக்குறவன் என் முகத்தைப் பாத்துட்டு நடக்கட்டும். நீ அந்தப் பலகையை உன் நெஞ்சுல கட்டிக்கிட்டுத் திரி.”

“போகவிட மாட்டேன்!”

அந்த இடத்தில் மீன்காரர்கள் வலை கட்டுவதற்காகப் பனங்கம்புகளை வரிசையாக நட்டிருந்தார்கள். தோணி அதில் ஒன்றை உரசிக்கொண்டு போனது. குத்தாலம் எக்கி, கம்பை வலது கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். காலைத் தோணியில் ஊன்றிக்கொண்டான். தோணியை நிறுத்திவிடலாம் என்று அவன் நினைப்பு.

“விட்ருங்க” என்றார் சாமி.

“மாட்டேன்!”

வத்தத்து ஆறு அவன் பேச்சைக் கேட்குமா? தோணி போயிற்று. கால் தோணியோடு போயிற்று. கை கம்போடு நின்றது. தோளில் ‘மளுக்’ என்று ஒரு சத்தம்.

“ஐயோ! மைனீ!”

பிடி நழுவி, தோணிக்குள் மல்லாக்க விழுந்தான். வலது கை ஒரு தினுசாகத் தொங்கியது. முகம் வேர்த்துக் கொட்டியது.

ஆவுடையம்மாள் ஒரே எட்டில் அவன் பக்கத்தில் இருந்தாள். கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை, விரல்கள் அதுபாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டன. கழுத்தெலும்பில் ஓடின, தோளில் இறங்கின, அக்குளில் தடவின.

“முறியலை. மூட்டு நழுவியிருக்கு.”

“கரைக்கு விடவா?” என்றார் சாமி.

“கரைக்குப் போறதுக்குள்ள வீங்கிரும். இங்கனயே போட்டுருதேன். அடுத்த கம்புல தோணியைக் கட்டுங்க. ஆடக் கூடாது.”

“சரிக்கா.”

சாமி கட்டினார். சொன்ன இடத்தில், சொன்ன மாதிரி, இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார்.

ஆவுடையம்மாள் கொழுந்தனின் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். குதிகாலை அவன் அக்குளில் வைத்தாள். மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றினாள். அவன் உடம்பு முழுக்க விறைத்துக்கொண்டது.

“இறுக்காத. சதை இறுகுனா மூட்டு இறங்காது.”

“நோவுது மைனி, உயிர் போகுது!”

நோவாளியைப் பேச வைத்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும். வாய் பேசினால் சதை தளரும். தொழிலில் பாதி அதுதான். பிரமநாயகம் வைத்தியர் எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்பார். ‘யாருகிட்ட வந்திருக்க?’ என்பார். வந்தவன் அவர் பேரைச் சொல்லுவான், சொல்லும்போதே இழுப்பு முடிந்திருக்கும். அவருக்குப் பிறகு ஆவுடையம்மாள் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. மாடு கன்னு போட்டுச்சா, மழை பெஞ்சுச்சா என்று எதையாவது கேட்டுவைப்பாள்.

அவள் மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

“யாருகிட்ட வந்திருக்க?”

குத்தாலம் விழித்தான்.

“சொல்லு. யாருகிட்ட வந்திருக்க?”

“மைனிகிட்ட.”

“உன் மைனிக்குப் பேரு கிடையாதா?”

முப்பத்து மூன்று வருசத்தில் அவன் அந்தப் பேரைச் சொன்னதே இல்லை. மைனி என்பான், அண்ணன் வீட்டுல என்பான், உள்ள இருக்காக என்பான். சாமியைப் பார்த்தான். சாமி அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆவுடை...” என்று முனகினான்.

“கேக்கலை.”

“ஆவுடையம்மாகிட்ட!”

“இன்னும் கேக்கலைப்பா. அலைச்சத்தம் பெருசா இருக்கு.”

“ஆவுடையம்மா வைத்தியர்கிட்ட வந்திருக்கேன்!” என்று அடிவயிற்றில் இருந்து கத்தினான். கத்தும்போதே சதை தளர்ந்தது. அவள் ஒரு இழுப்பு இழுத்துத் திருப்பினாள். ‘டொக்’ என்று மூட்டு குழியில் போய் உட்கார்ந்தது.

குத்தாலம் வாயைப் பிளந்தபடி தன் தோளையே பார்த்துக்கொண்டிருந்தான். வலி போன இடம் தெரியவில்லை.

ஆவுடையம்மாள் அவன் துண்டை உருவி, கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டி முடிச்சுப் போட்டாள். எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். தோணிக்கு அடியில் ஆறு ஓடிக்கொண்டே இருந்தது.

“அடுத்து யாரு?” என்றாள்.

சாமி துடுப்பைக் கீழே வைத்துவிட்டு முழங்காலை நீட்டினார்.